மெட்டு நிற்கும், தரை நகரும்: ஆர்கன் மனோதர்மமும் ஒரகடத்துக் கீபோர்டும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் கார், லாரி, மோட்டார் சைக்கிள், கைபேசி, கண்ணாடி, டயர் என்றுதான் பட்டியல் போகும். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கிய பிறகு ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த இந்தப் பகுதியின் முகமே மாறிப்போனது. ஆனால் அந்தப் பட்டியலில் பலரும் சேர்க்காத ஒரு பொருளும் இங்கே உருவாகிறது. யமஹா நிறுவனத்தின் இசைக்கருவித் தொழிற்சாலை 2019இல் இந்தத் தடத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கே தயாராகும் கருவிகளில் முக்கியமானது கையில் தூக்கிச் செல்லக்கூடிய கீபோர்டு.

அந்தக் கீபோர்டு வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் மேடைக் கச்சேரிகளுக்கும் போகிறது. தேவாலயங்களுக்கும் போகிறது. தமிழ்நாட்டில் நகரத்துச் சபையானாலும் சிற்றூர்ச் சபையானாலும் ஞாயிறு ஆராதனையில் பாட்டைத் தாங்குவது இன்று பெரும்பாலும் 61 கட்டைகள் கொண்ட ஒரு கீபோர்டுதான். ஐரோப்பியத் திருச்சபைகளில் பைப் ஆர்கன் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்த வேலையை இங்கே அந்தச் சிறு கருவி ஏற்றுக்கொண்டிருக்கிறது. வேலை கைமாறிவிட்டது. அதோடு வந்திருக்க வேண்டிய கலையும் கைமாறியதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அந்தக் கலை, சபை பாடும் பாட்டை அந்த நேரத்து மனோதர்மத்தால் விரித்து வாசிப்பது.

ஆர்கனிஸ்ட்டின் வேலை

பைப் ஆர்கன் காற்றால் பாடும் கருவி. துருத்தியோ மின்விசிறியோ அனுப்பும் காற்று, குழாய்கள் நிற்கும் பெட்டியில் ஒரே அழுத்தத்தில் காத்திருக்கும். கட்டையை அழுத்தினால் அந்தச் சுரத்துக்குரிய அடைப்பு திறந்து குழாய் ஒலிக்கும். கட்டையிலிருந்து கையை எடுக்கும்வரை ஒலி குறையாது. பியானோவைப்போல விரலின் வேகத்தால் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. எந்தக் குழாய் வரிசை பேச வேண்டும் என்பதை ஸ்டாப் எனப்படும் குமிழ்கள் தீர்மானிக்கின்றன. 8 அடி என்று குறித்த வரிசையில் மிகத் தாழ்ந்த குழாய் ஏறத்தாழ 8 அடி நீளம். 16 அடி வரிசை அதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும், 4 அடி வரிசை ஒரு ஸ்தாயி மேலே. கைகளுக்கு இரண்டு மூன்று கட்டை வரிசைகளும் கால்களுக்குத் தனியே பெடல் வரிசையும் இருக்கும். பாட்டின் அடித்தளச் சுரங்களைக் கால்கள் நடத்துகின்றன.

இந்தக் கருவியில் அமர்பவர் கச்சேரி செய்ய வந்தவரல்ல. சபை பாட வந்திருக்கிறது, அதைப் பாட வைப்பது அவர் பொறுப்பு. எந்தப் பாட்டு, எந்தச் சுருதி, என்ன வேகம் என்பதை முன்னிசையிலேயே சபைக்கு உணர்த்த வேண்டும். வரி முடிகிற இடத்தில் நூற்றுக்கணக்கானோர் மூச்சு வாங்க இடம் விட வேண்டும். துக்கத்தைச் சொல்லும் சரணத்தில் ஒலியை அடக்கி, உயிர்த்தெழுதலைச் சொல்லும் சரணத்தில் திறக்க வேண்டும். காணிக்கை எடுப்பவர்கள் கடைசி வரிசையிலிருந்து பீடத்துக்கு வந்து சேர்வதற்குள் பாட்டு முடிந்துவிட்டால், அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். திருவிருந்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. கடைசி ஆள் திரும்பி இருக்கையில் அமரும்வரை இசை ஓட வேண்டும், அடுத்த பாட்டின் சுருதிக்குச் சத்தமில்லாமல் போய்ச் சேரவும் வேண்டும்.

இத்தனைக்கும் எழுதிவைத்த இசை போதாது. ஆராதனையின் நேரம் ஆட்களால் அளக்கப்படுவது, தாளால் அளக்கப்படுவதல்ல. ஆர்கனிஸ்ட்டின் மனோதர்மம் இந்தத் தேவையிலிருந்து பிறந்தது. அதன் அழகுக்கும் அதுவே மூலம்.

1706: ஒரு கண்டனம், ஒரு கப்பல்

இந்தக் கலையின் சிக்கலைப் புரிந்துகொள்ள ஜெர்மனியின் சிற்றூரான ஆர்ன்ஷ்டாட்டுக்குப் போக வேண்டும். அங்கே ஆர்கனிஸ்ட்டாக இருந்த யோஹான் செபாஸ்டியன் பாக் 1705 இறுதியில் நான்கு வார விடுப்பு எடுத்துக்கொண்டு, வடக்கே லூபெக் நகரில் புக்ஸ்டெஹூட என்ற மூத்த ஆர்கன் மேதையின் வாசிப்பைக் கேட்கப் போனார். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தூரத்தை நடந்தே கடந்தார் என்பது மரபுச் செய்தி. நான்கு வாரம் ஏறக்குறைய நான்கு மாதமானது. திரும்பி வந்தவரை 1706 பிப்ரவரியில் திருச்சபை நிர்வாகம் அழைத்து விசாரித்தது. குற்றச்சாட்டு விடுப்பைப் பற்றி மட்டுமல்ல. சபைப் பாட்டுகளில் அவர் விசித்திரமான மாற்றங்களைச் செய்கிறார், அன்னியச் சுரங்களைக் கலக்கிறார், மக்கள் குழம்பிப்போகிறார்கள் என்பதும் சேர்ந்துகொண்டது. அதே பதிவில் இன்னொரு குறையும் இருக்கிறது. முன்பு அளவுக்கு மீறி நீளமாக வாசித்தார், கண்டித்த பிறகு அளவுக்கு மீறிச் சுருக்கிவிட்டார் என்பது அது.

பாக்கின் மேதைமை தெரியாத சின்ன மனிதர்களின் புகார் என்று இதை ஒதுக்குவது சுலபம். நான் அப்படி ஒதுக்கமாட்டேன். பாடிக்கொண்டிருக்கும் சபை வழி தவறியது என்றால் அந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது. இருபது வயதுக் கலைஞனின் கற்பனைக்கும் பாட வந்த மக்களின் தேவைக்கும் நடுவே எழுந்த உண்மையான முரண் அது. பாக் பிற்காலத்தில் சபைப் பாட்டுகளுக்கு எழுதிய நாற்குரல் அமைப்புகளில் துணிச்சலும் தெளிவும் ஒன்றாக நிற்கின்றன. 1720இல் ஹம்பர்க் நகரில், முதுமையின் எல்லையில் இருந்த ரைன்கென் என்ற ஆர்கனிஸ்ட்டின் முன்னிலையில், 137ஆம் சங்கீதத்தைத் தழுவிய ஒரு சபைப் பாட்டை எடுத்து ஏறக்குறைய அரை மணி நேரம் அவர் விரித்து வாசித்தார். இந்தக் கலை செத்துவிட்டது என்று எண்ணியிருந்த முதியவர், அது இன்னும் உயிரோடிருப்பதைக் கண்டு மகிழ்ந்தாராம். ஆராதனைக்கு வெளியே விரிப்பதற்கு இடம் இருந்தது, பாக் அந்த இடத்தை முழுமையாகப் பயன்படுத்தினார். எந்த இடத்தில் எவ்வளவு என்ற அளவறிவும் இக்கலையின் பாதி.

பாக் கண்டிக்கப்பட்ட அதே 1706இல், ஜூலை மாதம், அவர் சார்ந்திருந்த அதே லுத்தரன் மரபைச் சேர்ந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு தரங்கம்பாடியில் கப்பலிலிருந்து இறங்கினார். ஆர்ன்ஷ்டாட்டில் குழப்பத்தை உண்டாக்கிய அதே வகைச் சபைப் பாட்டுகள் தமிழுக்கு வரத் தொடங்கியது அவர் வழியாகவும் அவருக்குப் பின் வந்தவர்கள் வழியாகவும்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் யோஹான் பிலிப் பப்ரிசியுஸ் ஜெர்மானிய மெட்டுகளுக்குப் பொருந்துமாறு பல பாட்டுகளைத் தமிழாக்கினார். லுத்தரன் சபைகளின் ஞானப்பாட்டுகளுக்கும் தென்னிந்தியத் திருச்சபையின் பாமாலைகளுக்கும் பின்னே இந்த நீண்ட வரலாறு இருக்கிறது. மெட்டுகள் கப்பலேறி வந்தன. ஆனால் அவற்றை ஆர்கனில் விரிக்கும் பழக்கம் அவ்வளவு எளிதாக வரவில்லை. அதற்குக் கருவி வேண்டும், கருவியைக் காக்கும் கைவினைஞர் வேண்டும், ஆசான் வேண்டும்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஓர் ஆர்கன்

சென்னைக்குக் கருவி வந்தது. எழும்பூரில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் 1821இல் திறக்கப்பட்டது. ஸ்காட்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர்களுக்காகத் தாமஸ் பியோட் டி ஹாவிலண்ட் வட்டக் குவிமாடத்தோடு கட்டி எழுப்பிய ஆலயம். நிலம் இளக்கமாக இருந்ததால் கிணறுகளை இறக்கி அவற்றின்மேல் அடித்தளம் போட்டார்கள். அங்கே பீடத்துக்குப் பின்னே நிமிர்ந்து நிற்கும் பைப் ஆர்கன் 1883இல் நிறுவப்பட்டது, இங்கிலாந்தில் செய்து கொண்டுவந்தது. அந்தக் கருவியின் முன் நீண்ட காலம் அமர்ந்தவர் ஹேண்டல் மேனுவல். ஆர்கனிஸ்ட்டாகவும் பாடகர் குழுவின் நடத்துநராகவும் சென்னையின் மேற்கத்திய இசையுலகில் ஒரு தலைமுறைக்கு வழிகாட்டியவர். 1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷனின் வரலாற்றிலும் அவர் பெயருக்குத் தனி இடம் உண்டு.

குளிர்நாட்டுக் கருவியை வெப்பநாட்டில் வைத்து வாசிப்பதில் தனிச் சிரமங்கள் உண்டு. காற்று சூடேறினால் ஒலியின் வேகம் கூடும், அதனால் புல்லாங்குழல் வகைக் குழாய்களின் சுருதி ஏறும். 10 பாகை வெப்பம் கூடினால் அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சுருதி உயர்ந்துவிடும். உலோக நாக்கு அதிர்வதால் ஒலிக்கும் குழாய்கள் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. காலை ஆராதனையில் ஒத்துப்போன இரண்டு வரிசைகள் வெயில் ஏறிய பிறகு ஒன்றையொன்று உறுத்தும். ஈரப்பதத்தில் மரம் உப்பிக் கட்டை சிக்கிக்கொண்டால், கையை எடுத்த பிறகும் ஒரு சுரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட நாளில் எந்தக் குழாய் வரிசையைத் தவிர்ப்பது, எந்தச் சுருதியில் முன்னிசையை அமைப்பது என்பதை ஆர்கனிஸ்ட் உட்கார்ந்த இடத்திலேயே முடிவுசெய்ய வேண்டும். இங்கே மனோதர்மத்துக்குள் தட்பவெப்பமும் ஒரு பங்காளி.

வெப்பநாட்டுக்கு ஏற்ற ஆர்கனைச் செய்ய முடியாதா? முடியும் என்று பிலிப்பைன்ஸ் காட்டியது. லாஸ் பினியாஸ் ஊரில் டியேகோ செரா என்ற பாதிரியார் 1824இல் முடித்த ஆர்கனில் 1,031 குழாய்கள். அவற்றில் 902 மூங்கிலால் ஆனவை. அது இன்றும் ஒலிக்கிறது. மூங்கிலும் தச்சும் உலோக வேலையும் நம் நாட்டிலும் குறையில்லை. ஆனாலும் பைப் ஆர்கன் செய்யும் மரபு தமிழகத்தில் வேரூன்றவில்லை. ஆலயங்கள் பெருகின, ஆர்கன்கள் சில பெரிய ஆலயங்களோடு நின்றுவிட்டன. மற்றச் சபைகளுக்குக் கைகொடுத்தது ஆர்மோனியம்.

ஒரு காந்தாரம், மூன்று தரை

இனி ஆர்கனிஸ்ட்டின் கைகளைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். உலகெங்கும் சபைகள் பாடும் மெட்டுகளில் மிகப் பழையதொன்று ஓல்ட் ஹன்ட்ரெட்த். 1551இல் ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் வந்தது, லூயி பூர்ஷ்வாவின் படைப்பாகக் கருதப்படுவது. நம் கணக்கில் சங்கராபரணத்தின் சுரங்கள். முதல் வரி ஷட்ஜத்தில் தொடங்கிக் கீழ்ப் பஞ்சமம் வரை படியிறங்கி, மறுபடி ஷட்ஜத்தைத் தொட்டு ஏறி, அந்தரகாந்தாரத்தில் வந்து நிற்கும். இரண்டாம் வரி அதே காந்தாரத்தை அடுத்தடுத்து மூன்று முறை ஒலித்துத் தொடங்கும்.

புத்தகத்தில் உள்ளபடி வாசித்தால் பாட்டு நன்றாகவே இருக்கும். முதல் மூன்று சரணங்களுக்கு அது போதும். கடைசிச் சரணத்தில் ஆர்கனிஸ்ட் தன் வேலையைக் காட்டுகிறார். சபை பாடும் காந்தாரம் அப்படியே இருக்கும், ஆனால் அதன் கீழே கால்கள் நகரும். முதல் காந்தாரத்தின் கீழ் ஷட்ஜம் ஒலித்தால் ச–க–ப என்ற மேஜர் கார்டு அமையும். அது வீட்டு வாசலில் நிற்பதுபோன்ற உறுதியைத் தரும். இரண்டாம் காந்தாரத்தின் கீழ் பெடல் தைவதத்துக்குப் போனால் த–ச–க என்ற மைனர் கார்டு. அதே சுரம் இப்போது கனத்து, நினைவில் ஆழ்ந்து ஒலிக்கும். மூன்றாம் காந்தாரத்தின் கீழ் காந்தாரமே அடித்தளமானால் க–ப–நி. நிறம் மறுபடி மாறி, அடுத்து வரும் ரிஷபத்தை நோக்கி ஒரு தேடல் பிறக்கும். ரிஷபம் வரும்போது பெடல் பஞ்சமத்தில் காலூன்றினால் தேடலுக்கு விடை கிடைத்துவிடும்.

பாடுகிற பாட்டி இதில் எதையும் கணக்கிடுவதில்லை. சிறுவயதிலிருந்து பாடிய அதே மெட்டைத்தான் பாடுகிறார். ஆனால் அவர் பாடும் ஒரே சுரம் மூன்று வேறு பொருள்களோடு அவர் காதுக்குத் திரும்பி வருகிறது. அதைச் செய்யும்போது ஆர்கனிஸ்ட் காக்க வேண்டிய ஒழுங்கும் உண்டு. நாற்குரலில் பாடும் கொயர் அந்தச் சரணத்தில் ஒரே குரலாகச் சேர்ந்து மெட்டை மட்டும் பாட வேண்டும், இல்லையேல் புத்தகத்துக் கார்டும் புதிய கார்டும் மோதும். மெட்டு தெளிவாகக் கேட்க வேண்டும். வரிமுடிவு சபை எதிர்பார்க்கும் இடத்திலேயே விழ வேண்டும். ஆர்ன்ஷ்டாட்டின் புகார் மீண்டும் எழாமல் காப்பவை இந்த மூன்றுமே.

நிரவலின் உறவுக்காரன்

இந்தக் கலை நமக்கு அன்னியமானது என்று எண்ணுவதற்கு இடமில்லை. கர்நாடக இசையில் நிரவல் பாடும்போது கீர்த்தனையின் ஒரு வரி நிலைத்து நிற்கிறது. சொற்கள் தாளத்தில் தத்தம் இடம் பிசகாமல் விழ, ராகம் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் புதிய வழியில் போய்வருகிறது. லயத்தில் பேர்போன காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை இந்தத் தொழில்தடத்துக்கு அண்டை ஊர்க்காரர். நிரவலிலும் பல்லவியிலும் அவர் காட்டிய கணக்கும் கற்பனையும் இன்றும் வித்வான்களின் பேச்சில் அடிபடுகின்றன. நிரவலில் சொல் நிற்கிறது, மெட்டு நகர்கிறது. ஆர்கனில் சொல்லும் மெட்டும் நிற்கின்றன, தரை நகர்கிறது. இரண்டிலும் கேட்பவருக்குத் தெரிந்த ஒன்று அசையாமல் இருப்பதால்தான் புதியது புதியதாகப் புலப்படுகிறது.

இன்னும் நெருக்கமான உறவு கோயில் நாகஸ்வரத்தோடு. சுவாமி புறப்படும்போது மல்லாரி. வீதியில் சுவாமி நிற்கும் இடங்களில் ராக ஆலாபனை. தீபாராதனை எப்போது முடியும், பல்லக்கு எப்போது அசையும் என்பதை வைத்து வித்வான் ராகத்தை நீட்டுவார் அல்லது கூட்டி முடிப்பார். திருவிருந்து வரிசையைப் பார்த்துக்கொண்டே வாசிக்கும் ஆர்கனிஸ்ட் செய்வதும் இதுவே. இராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் இருக்கும் மண்ணில், வழிபாட்டின் காலத்துக்கு இசைந்து இசை விரியும் என்பதை யாருக்கும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. நம் நாகஸ்வர மரபு இந்தத் திறனைக் குருகுலப் பயிற்சியால் காத்தது. தமிழ்ச் சபை இசையில் அப்படியொரு தொடர் பயிற்சி வலுவாக உருவாகவில்லை. குறை அங்கே இருக்கிறது.

கீர்த்தனையின் முன் ஆர்கன்

தமிழ்ச் சபையின் இசை பாமாலையோடு முடிவதில்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) முதலானோர் ராக தாளத்தில் படைத்த கீர்த்தனைகள் அதன் மறுபாதி. அவற்றின்கீழ் மேற்கத்திய கார்டுகளைக் கொட்டினால் ராகம் மூச்சுத் திணறும். கமகத்தோடு அசையும் சுரத்தை அசையாத கட்டை பிடிக்க முடியாது. ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் விலக்கிவைத்ததற்கு இந்தக் காரணமும் உண்டு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ சுருதிகளைப் பற்றி அத்தனை பக்கம் வாதிட்டதும் இந்தச் சிக்கலின் எல்லைக்குள்தான். கிறிஸ்தவராகவும் தமிழிசை ஆய்வாளராகவும் இருந்த அவர் ஸ்தாயியைச் சமமாகப் பிரித்து 24 சுருதிகள் என்று நிறுவ முயன்றார்.

ஆனால் ஆர்கனிடம் கீர்த்தனைக்கு உகந்த ஒரு சொத்து இருக்கிறது. நிறுத்தாமல் ஒலிக்கும் பெடல். ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் கால்களால் பிடித்துவைத்தால் கருவியே தம்பூரா ஆகிவிடும். அதன்மேல் வலது கை பாட்டின் வரிகளுக்கு நடுவே ராகச் சுரங்களால் மட்டும் சிறு பதில்களைச் சொல்லலாம். கார்டு வேண்டாம், அல்லது ராகம் இடங்கொடுக்கும் இடத்தில் மட்டும் போதும். சபை கமகத்தோடு பாடட்டும், கருவி நேர்ச்சுரத்தில் அடங்கி நிற்கட்டும்.

உலகின் பெரிய ஆர்கனிஸ்ட்டுகள் இந்தத் திசையில் நம்மை நோக்கி நடந்து வந்திருக்கிறார்கள். பாரிஸின் திரித்துவ ஆலயத்தில் 1931 முதல் அறுபது ஆண்டுகள் ஆர்கனிஸ்ட்டாக இருந்த ஒலிவியே மெஸியான், சார்ங்கதேவரின் ‘சங்கீத ரத்னாகர’த்தில் உள்ள 120 தேசி தாளங்களை ஆராய்ந்து தன் படைப்புகளுக்குள் கொண்டுவந்தார். 1935இல் இயேசுவின் பிறப்பைப் பற்றி அவர் ஆர்கனுக்கு எழுதிய தொகுப்பிலேயே அந்தத் தாக்கம் தெரியும். அவருக்கு ஆசானான மார்செல் துப்ரே 1921இல் பிலடெல்பியாவில், ஒரு கடைக்குள் நிறுவப்பட்டிருந்த வானமேக்கர் பேரார்கனில், அங்கேயே கொடுக்கப்பட்ட பழைய லத்தீன் வழிபாட்டுப் பாட்டுகளை வைத்து நான்கு பகுதிகளுள்ள சிம்பொனி ஒன்றை உடனுக்குடன் வாசித்தார். பின்னர் அதை நினைவிலிருந்து மறுபடைப்பாக எழுதியும் வைத்தார். தாளக் கணக்கும் ராக அறிவும் பிறப்பிலேயே காதில் ஏறிய தமிழ் இளைஞர்கள் இதைச் செய்ய எவ்வளவு தகுதியானவர்கள் என்று எண்ணும்போது எனக்கு ஆதங்கம் எழுகிறது.

ஹமமட்சுவிலிருந்து ஒரகடம் வரை

யமஹாவின் கதையே ஓர் ஆர்கனில் தொடங்குகிறது. 1887இல் ஜப்பானின் ஹமமட்சு ஊர்ப் பள்ளியொன்றில் இறக்குமதியான ரீட் ஆர்கன் பழுதானது. காற்று, உலோக நாக்குகளை அதிர வைத்து ஒலியெழுப்பும் கருவி அது, ஆர்மோனியத்தின் உடன்பிறப்பு. அதைப் பழுதுபார்க்க அழைக்கப்பட்டவர் டொரகுசு யமஹா. உள்ளே இருந்ததைப் பார்த்துப் புரிந்துகொண்டு தானே ஓர் ஆர்கனைச் செய்தார். தோளில் காவடியாகச் சுமந்து ஹகோனே மலையைத் தாண்டி டோக்கியோ இசைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். சுருதி சரியில்லை என்று சொன்னார்கள். அங்கேயே தங்கிச் சுருதி சேர்ப்பதைக் கற்று, திரும்பிவந்து அடுத்த கருவியைச் சரியாகச் செய்தார். 1897இல் நிறுவனம் உருவானது. அந்த நிறுவனத்தின் சின்னத்தில் இன்றும் மூன்று சுருதிக்கவைகள் குறுக்காக நிற்கின்றன.

1935இல் அமெரிக்காவின் லாரன்ஸ் ஹாமண்ட் குழாயே இல்லாத மின் ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது தேவாலயங்கள் அதை வரவேற்றன. அதன் இழுகோல்களில் 16 அடி, 8 அடி, 4 அடி என்ற பழைய குழாய் அளவுகளே எழுதப்பட்டன. 1959இல் யமஹா எலெக்டோன் என்ற மின்னணு ஆர்கனை வெளியிட்டது. அந்த வழியின் இன்றைய கிளைகளில் ஒன்று இந்தியச் சந்தைக்காகவே வடிவமைத்த பி.எஸ்.ஆர்-ஐ500 போன்ற கீபோர்டு. தம்பூராவும் தபலாவும் ஒலிக்கும் சாதகப் பயிற்சி வசதி அதற்குள் இருக்கிறது. அதன் 61 கட்டைகள், அதாவது ஐந்து ஸ்தாயி, ஒரு பெரிய ஆர்கனின் கைவரிசைக்குச் சமமான அகலம். ஆகவே பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஒரு முனையில் கர்க்கின் ஆர்கனும், அதே சாலை மேற்கே போய்ச் சேரும் தொழில்தடத்தில் அதன் மின்னணு வாரிசும் இருக்கின்றன.

வாரிசு சொத்தை முழுதாக வாங்கிக்கொள்ளவில்லை என்பதே என் வருத்தம். கீபோர்டில் ‘ஸ்டைல்’ என்றொரு பொத்தான் உண்டு. அதை அழுத்தி இடது கையால் ஒரு கார்டைப் பிடித்தால் டிரம்ஸ், பேஸ், கிதார் எல்லாம் தானே ஓடும். வாசிக்கப் பழகும் சிறுவனுக்கு அது ஊக்கம். ஆளில்லாத சிறு சபைக்கு அது துணை. அதை நான் பழிக்கவில்லை. ஆனால் அந்த ஓட்டம் நிற்காது. வரிமுடிவில் சபை மூச்சு வாங்க நினைக்கும்போது டிரம்ஸ் அடுத்த அடியை அடித்துவிடும். முதியவர்கள் சற்று இழுத்துப் பாடினால் கருவி காத்திராது. துக்க வீட்டுப் பாட்டுக்கும் பண்டிகைப் பாட்டுக்கும் ஒரே தாளத்தட்டு ஓடும். சபையைக் கேட்டு வாசிப்பது ஆர்கனிஸ்ட்டின் முதல் கடமை. ஸ்டைல் எதையும் கேட்பதில்லை. அதேபோல் ‘டிரான்ஸ்போஸ்’ பொத்தான் எந்தச் சுருதிக்கும் ஒரே விரல்வழியைத் தருகிறது. அதையே நம்பி வளர்ந்தவருக்கு ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டின் சுருதிக்கு இசையாலேயே நடந்துபோகும் வழி தெரியாமல் போகிறது. இடைவெளியில் மௌனம் விழுகிறது, அல்லது பொத்தான் தேடும் தடுமாற்றம்.

கருவி இருக்கிறது, பயிற்சி வேண்டும்

இதற்கு மாற்று விலையுயர்ந்த பைப் ஆர்கன் அல்ல. அதே 61 கட்டைகளில் இதைப் பழகலாம். ஸ்டைலை அணைத்துவிட்டு ஆர்கன் குரலை எடுக்க வேண்டும். அதில் அழுத்தத்தால் ஒலி கூடாது, கையை எடுத்தால் உடனே நிற்கும். ஆகவே சுரத்தை எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்ற ஒழுக்கம் தானாக வரும். முதலில் வலது கையில் மெட்டு, இடது கையில் ஒற்றைச் சுரமாக அடித்தளம் மட்டும். மெட்டு இறங்கும்போது அடித்தளம் ஏறட்டும், மெட்டு ஏறும்போது இறங்கட்டும். பிறகு நடுக்குரல்கள். பிறகு அதே பாட்டை ஐந்தாறு சுருதிகளில், பொத்தானைத் தொடாமல். அதன்பின் ஒரே சுரத்தின்கீழ் மூன்று தரைகளை மாற்றிப் பார்ப்பது. கடைசியாக, பாட்டின் கடைசி வரியிலிருந்து நான்கு சுரங்களை எடுத்து அடுத்த பாட்டின் சுருதிவரை நடத்திச் செல்வது. இந்த வரிசை எந்த மேதைக்கும் உரிய ரகசியம் அல்ல. ஒரு பாட்டைப் பல மாதம் பிடித்துக்கொண்டு பழகுகிறவருக்கு இது கைகூடும்.

நிறுவனங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. சென்னையில் எத்தனையோ பிள்ளைகள் டிரினிட்டி காலேஜ் லண்டனின் கீபோர்டு, பியானோத் தேர்வுகளை எழுதுகிறார்கள். அந்தத் தேர்வில் மனோதர்ம வாசிப்பைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் உண்டு. அதே பிள்ளை ஞாயிறன்று சபையில் உட்காரும்போது தேர்வுப் புத்தகத்துக்கு வெளியே ஒரு வரியும் வராமல் தவிப்பது சரியல்ல. இறையியல் கல்லூரிகளும் திருமண்டலங்களும் சபை வாசிப்புக்கென்று தனிப் பயிற்சியை வகுக்கலாம். அதில் பாமாலைக்கு ஒரு மேற்கத்திய ஆசானும் கீர்த்தனைக்கு ஒரு கர்நாடக ஆசானும் ஒரே வகுப்பறையில் இருக்க வேண்டும். பைப் ஆர்கன் உள்ள ஆலயங்கள் வாரநாளில் ஒரு மணி நேரமாவது அதன் கதவைக் கற்பவர்களுக்குத் திறந்துவிடலாம். குழாயின் பேச்சைக் கையால் உணர்ந்தவர் கீபோர்டுக்குத் திரும்பும்போது வேறு ஆளாகத் திரும்புவார். மூத்த ஆர்கனிஸ்ட்டுகள் கடைசிச் சரணத்தில் செய்வதை இப்போதே ஒலிப்பதிவு செய்துவைக்க வேண்டும். மனோதர்மம் தாளில் இல்லாத கலை, கைகளோடு போய்விடும்.

தமிழ்நாடு இன்று கருவியைச் செய்யும் இடமாகிவிட்டது. கருவியை வாசிக்கும் முறையையும் இங்கேயே வளர்த்தெடுக்கும் தகுதி அதற்கு உண்டு. முந்நூறு ஆண்டுச் சபைப் பாட்டும், அதைவிடப் பழைய ராக தாள அறிவும் ஒரே காதில் இருக்கும் மக்கள் உலகில் அதிகம் இல்லை. அந்தக் காதை நம்பிப் பயிற்றுவித்தால், ஒரகடத்துக் கீபோர்டில் உட்காரும் ஒரு பெண்ணோ பையனோ சபை பாடும் மெட்டைக் கலைக்காமல் அதன் தரையை நகர்த்தக் கற்றுக்கொள்வார்கள். அப்போது இந்தக் கலை ஐரோப்பாவின் மிச்சமாக இல்லாமல், தமிழ்ச் சபையின் சொந்த மனோதர்மமாக வளரும்.